எர்டிகாவா, ரூமியனா? இரட்டைக் கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்ற ஆண்டு என் மைத்துனர் குடும்பத்துக்கு ஏழு பேர் அமரும் வண்டி ஒன்று வாங்குவதற்காக, மாருதி சுசூகியின் எர்டிகாவையும் டொயோட்டாவின் ரூமியனையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தோம். கதவு சாத்தும் ஓசையும் ஸ்டீயரிங்கின் கனமும் மூன்றாம் வரிசையில் முழங்காலுக்குக் கிடைக்கும் இடமும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. இருக்கத்தான் செய்யும். மாருதியின் ஆலையில், அதே 1.5 லிட்டர் இன்ஜினோடு, அதே தகடுகளைக் கொண்டு உருவாகும் ஒரே வண்டிக்குத்தான் அந்த இரண்டு பெயர்களும். ரூமியன் வந்த 2023-ல் எர்டிகாவின் நீளம் 4,395 மி.மீ., ரூமியனுடையது 4,420 மி.மீ. அந்த 25 மி.மீ. வித்தியாசம் பம்பரின் வடிவத்தால் வந்ததே தவிர உள்ளே அமர்பவருக்கு அதனால் ஒரு விரற்கடை இடம்கூடக் கூடுவதில்லை.

வீடு திரும்பியதும் அவர் கேட்ட கேள்வி, "இதில் எது நல்ல வண்டி?" என்பது. வண்டி ஒன்றே என்னும்போது அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அடுத்த எட்டு, பத்து ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்தின் பட்டறை வாசலில் நிற்கப் போகிறோம், எந்த வாரன்டித் தாளில் கையெழுத்திடப் போகிறோம், விற்கும் நாளில் எந்தப் பெயரைச் சொல்லி விற்கப் போகிறோம் என்பதே அங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டு ஷோரூம்களிலும் வண்டியின் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள். வாங்குபவர் பேச வேண்டியவை வேறு.

முதலில், இந்த இரட்டைகள் ஏன் பிறந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் எதை நம்பலாம் என்பது எளிதில் விளங்கும். டொயோட்டா 2010 இறுதியில் எட்டியோஸ் என்ற சிறிய காரை இந்தியாவுக்கென்றே வடிவமைத்துக் கொண்டுவந்தது. இன்னோவாவுக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்காமல் 2020-ல் விற்பனையை நிறுத்தியது. சிறிய கார்களைக் குறைந்த செலவில் செய்யும் கைப்பழக்கம் சுசூகியிடம் இருந்தது. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து வண்டியை ஓட்டும் ஹைபிரிட் தொழில்நுட்பத்தில் டொயோட்டா கைதேர்ந்திருந்தது. இரு நிறுவனங்களும் 2018-ல் இந்தியச் சந்தைக்காக வண்டிகளை ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ள உடன்பட்டன. 2019-ல் டொயோட்டா சுசூகியின் பங்குகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வாங்கியது. அந்த ஆண்டு ஜூனில் பலேனோ என்ற மாருதி கார் கிளான்சா என்ற பெயரில் டொயோட்டா ஷோரூமுக்கு வந்தது. அதன் பிறகு பிரெஸ்ஸா அர்பன் க்ரூஸராகவும், எர்டிகா 2023-ல் ரூமியனாகவும், ஃப்ராங்க்ஸ் 2024-ல் டைசராகவும் உருமாறின. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ் 2023-ல் மாருதியின் இன்விக்டோ ஆயிற்று.

வழக்கம் புதிதல்ல. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1962-ல் வெளியிட்ட 1100 என்ற சிறிய கார், ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ரைலி, வுல்ஸ்லி, வான்டன் பிளாஸ் என்று ஆறு பெயர்களில் விற்கப்பட்டது. ஆனால் அங்கே ஆறு பெயர்களும் ஒரே முதலாளியுடையவை. இங்கே சந்தையில் போட்டியிடும் இரண்டு தனி நிறுவனங்கள், தனித்தனி டீலர்கள், தனித்தனிப் பட்டறைகள். வாங்குபவருக்கு இதில் நன்மையும் உண்டு. ஒரு டீலர் கொடுத்த விலைப்பட்டியலை மற்றவரிடம் காட்டிப் பேரம் பேசும்போது, "அது வேறு வண்டி, இது வேறு வண்டி" என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

இரட்டைகளையும் உடன்பிறப்புகளையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் டைகுனும் ஸ்கோடா குஷாக்கும் புனே அருகே சாக்கனில் ஒரே அடித்தளத்தின் மேல் தயாராகின்றன. 115 குதிரைத்திறன் கொண்ட 1 லிட்டர் டர்போ இன்ஜினும் 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டர்போ இன்ஜினும் இரண்டுக்கும் பொது. 2022-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஆனாலும் வெளித்தகடுகளும் டேஷ்போர்டும் வேறு வேறு. ஹூண்டாய் கிரெட்டாவும் கியா செல்டாஸும் இன்னும் சற்று விலகியவை: ஒன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உருவாகிறது, மற்றொன்று ஆந்திராவின் பெனுகொண்டாவில். உடன்பிறப்புகளில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குப் பொருள் உண்டு. இருக்கையின் மென்மையும் சஸ்பென்ஷனின் குணமும் கண்ணுக்குப் பிடித்த தோற்றமும் உண்மையிலேயே மாறும். எது இரட்டை, எது உடன்பிறப்பு என்பதைக் கதவையும் கண்ணாடியையும் பார்த்தே சொல்லிவிடலாம். பக்கக் கதவுகள், கூரை, முன்கண்ணாடி ஆகியவை ஒன்றாக இருந்து, கிரில்லும் பம்பரும் விளக்குகளின் உட்கோலமும் மட்டும் மாறியிருந்தால் அது இரட்டை. இந்தச் சோதனை அழகுக்காகச் சொல்லப்படுவதல்ல. விபத்துக்குப் பின் டிங்கரிங் வேலைக்குப் போகும்போது, ஒரு நிறுவனத்தில் கதவு கிடைக்கத் தாமதமானால் மற்ற நிறுவனத்தின் கதவு பொருந்துமா என்ற கேள்விக்கு இதுவே விடை. முன்பம்பர் மட்டும் அந்தந்தப் பெயருக்கே உரியது. நகரத்து நெரிசலில் முதலில் அடிபடுவதும் அதுதான்.

அடுத்து பார்க்க வேண்டியது, வண்டியின் இதயம் யாருடையது என்பது. பலேனோ–கிளான்சா, ஃப்ராங்க்ஸ்–டைசர், எர்டிகா–ரூமியன் ஆகிய மூன்று சோடிகளிலும் இன்ஜின், கியர்பெட்டி, மின்னணுப் பகுதிகள் எல்லாம் சுசூகியுடையவை. அந்த இன்ஜின்களை மாருதிப் பட்டறைகளில் உள்ள மெக்கானிக்குகள் நாள்தோறும் பிரித்துப் பூட்டுகிறார்கள். வெளியே தனியாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கும் அவற்றை நன்கறிவார். இன்னோவா ஹைகிராஸ்–இன்விக்டோ சோடியில் எல்லாம் டொயோட்டாவுடையது.

மாருதி கிராண்ட் விட்டாரா–டொயோட்டா ஹைரைடர் சோடிதான் நின்று யோசிக்க வேண்டியது. இரண்டும் 2022-ல் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதியில், டொயோட்டாவின் ஆலையில் தயாராகத் தொடங்கின. அங்கே ஒரே கூட்டுக்குள் இரு வேறு இதயங்களைப் பொருத்துகிறார்கள். விலை குறைந்த வேரியன்ட்களில் சுசூகியின் நான்கு சிலிண்டர், 103 குதிரைத்திறன் இன்ஜின், சிறிய மின்துணையோடு வருகிறது; இதைத்தான் மைல்டு ஹைபிரிட் என்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வேரியன்டும் இந்த இன்ஜினோடுதான் கிடைக்கிறது. விலை உயர்ந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் வேரியன்ட்களில் டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 116 குதிரைத்திறன் தருகின்றன. லிட்டருக்கு 27.97 கி.மீ. என்ற சான்றிதழ் மைலேஜ் இந்த ஹைபிரிட்டுக்கு உரியது. ஆக, பெயர்ப்பலகையை மறந்துவிட்டு இன்ஜினைப் பார்த்தால், மைல்டு ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவுக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவுக்கும் இடையே உள்ள தூரம், கிராண்ட் விட்டாராவுக்கும் ஹைரைடருக்கும் இடையே உள்ளதைவிடப் பன்மடங்கு பெரியது. பெயரில் முதலில் தடுமாறி, இன்ஜினை அவசரத்தில் முடிவு செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நகரத்தில் நின்று நின்று ஓடும் பயணமும் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கி.மீ.க்கு மேல் ஓட்டமும் இருந்தால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பற்றி யோசிக்கலாம். பின்பக்கத்தில் பாட்டரி இடம் எடுத்துக்கொள்வதால் டிக்கி கணிசமாகச் சுருங்கிவிடும் என்பதையும் குடும்பப் பெட்டிகளை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் பெயர். ஸ்ட்ராங் ஹைபிரிட் என்று முடிவானால் நான் ஹைரைடரையே சொல்வேன், ஏனெனில் அந்த இதயத்தைச் செய்தவர்களின் பட்டறையில் அதன் கோளாறுகளை அறிந்தவர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். மைல்டு ஹைபிரிட் என்றால் அதே காரணத்துக்காகக் கிராண்ட் விட்டாரா. ஹைபிரிட் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டியை இரு நிறுவனங்களுமே தருவதால் அந்த ஒரு அச்சம் மட்டும் இரு பக்கமும் சமமாகத் தீர்கிறது.

வண்டி முழுமைக்கான வாரன்டியில் முன்பு பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. மாருதி 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே தந்துகொண்டிருந்த காலத்தில், டொயோட்டா அதே வண்டிக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. தந்தது. கிளான்சாவை விற்க டொயோட்டா டீலர்கள் முதலில் எடுத்த ஆயுதம் அதுவே. 2024 ஜூலையில் மாருதியும் 3 ஆண்டு, 1,00,000 கி.மீ. என்று மாற்றிக்கொண்டதால் அந்த வாதம் காலாவதியாகிவிட்டது. இன்றும் சில பழைய ஒப்பீடுகள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, நம்ப வேண்டாம். இப்போது வித்தியாசம் இருப்பது, பணம் கட்டி நீட்டிக்கும் வாரன்டியில். டொயோட்டாவில் அதை 5 ஆண்டு, 2,20,000 கி.மீ. வரை நீட்டிக்கலாம். மாருதியில் 6 ஆண்டு, 1,60,000 கி.மீ. வரை நீட்டிக்கலாம். எது முன்னதோ அதுவரைதான் செல்லுபடி என்பதால், ஒவ்வொருவரும் தம் ஓட்டத்தைக் கணக்கிட்டே இதைத் தீர்மானிக்க வேண்டும். மாதம் மூவாயிரம் கி.மீ. ஓட்டும் வணிகருக்கு மாருதியின் 1,60,000 கி.மீ. நான்கரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். டொயோட்டாவில் ஐந்து ஆண்டும் முழுதாகக் கிடைக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு மாருதியின் ஆறாவது ஆண்டு ஓர் உண்மையான லாபம்.

விலையில், டொயோட்டா இரட்டைகள் பல சமயம் மாருதியின் அதே வேரியன்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கின்றன. ரூமியன் 2023-ல் வந்தபோது அதில் எர்டிகாவின் கீழ்நிலை வேரியன்டுக்கு இணையானதே இல்லை. அது எர்டிகாவின் இரண்டாம் படியிலிருந்துதான் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது எல்லா விலைகளும் ஒருமுறை குலைந்து அடுக்கப்பட்டதால், இங்கே விலைகளை எழுதுவதில் பயனில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வாங்குபவர்கள் விலையைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு கோடு உண்டு, அது 10 லட்சம் ரூபாய். 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரி விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதமும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் வரி. ஓர் இரட்டையின் விலை 9,90,000 ரூபாய், மற்றதன் விலை 10,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு வரி 1,28,700 ரூபாய், இரண்டாவதற்கு 1,83,600 ரூபாய். ஷோரூமில் முப்பதாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் பதிவு முடியும்போது 84,900 ரூபாயாக வளர்ந்திருக்கும். ஒரே இன்ஜின், ஒரே கதவு, ஒரே இருக்கைக்கு! எர்டிகா–ரூமியன், ஃப்ராங்க்ஸ்–டைசர் போன்ற சோடிகளின் விலைவரிசை இந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால், வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிடுவது போதாது. இரு டீலர்களிடமும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளில் இன்சூரன்ஸுக்கும் துணைப்பொருட்களுக்கும் எழுதப்பட்டிருக்கும் தொகை எவ்வளவு என்பதையும் தனித்தனியே கேட்க வேண்டும். அவற்றில்தான் விட்டுக்கொடுக்க இடம் இருக்கும்.

பட்டறை விஷயத்தில் எண்ணிக்கை மாருதிக்கு முழுச் சாதகம். நாடெங்கும் 5,000-க்கும் அதிகமான சர்வீஸ் இடங்கள் அதற்கு உண்டு. டொயோட்டாவின் வலை அதில் ஒரு சிறு பங்குதான். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் குடியிருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. சங்கரன்கோவிலிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவர், வீட்டிலிருந்து இரண்டு பட்டறைகளுக்குமான தூரத்தை அளந்து பார்த்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தால், பத்து ஆண்டில் அது எத்தனை நாள் என்று கூட்டிப் பாருங்கள். எண்ணிக்கையோடு கவனிப்பையும் எடை போட வேண்டும். கூட்டம் குறைந்த பட்டறையில் சர்வீஸ் அட்வைசர் நின்று பதில் சொல்வார் என்பதற்காகவே டொயோட்டாவுக்குப் போகிறவர்களை நான் அறிவேன், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது நிறுவனத்தைப் பொறுத்ததைவிட அந்தந்த ஊர் டீலரைப் பொறுத்தது. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பட்டறை வாசலிலும் அரைமணி நேரம் நின்று, வண்டி எடுக்க வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ஷோரூமில் நாள்முழுதும் உட்கார்ந்தாலும் கிடைக்காத செய்தி அங்கே கிடைக்கும். கூடவே ஒரு வேலை: பிரேக் பேடு, கிளட்ச், முன்பம்பர், ஹெட்லைட் ஆகிய நான்கின் விலையை இரு உதிரிபாகக் கவுன்டர்களிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பொருள் வேறு பெட்டியில், வேறு எண்ணோடு வரும்போது விலையும் வேறாக இருக்கலாம்.

பெயரின் ஆயுள் என்ற ஒன்றும் இருக்கிறது, அதை நமக்குக் காட்டியது ஒரகடம். ரெனோவும் நிஸானும் சேர்ந்து அமைத்த ஆலை 2010-ல் அங்கே திறக்கப்பட்டது. நிஸான் மைக்ராவை ரெனோ பல்ஸ் என்றும், நிஸான் சன்னியை ரெனோ ஸ்காலா என்றும் மறுபெயரிட்டு விற்றது. அவற்றின் மூலங்கள் சந்தையில் நின்ற அளவுக்கு அந்த இரண்டும் நிற்கவில்லை. 2012-ல் வந்த ரெனோ டஸ்டர் மக்கள் மனத்தில் இடம்பிடித்ததும், அதிலிருந்து 2013-ல் நிஸான் டெரானோ பிறந்தது. முகத்தைக் கணிசமாக மாற்றியும் அது டஸ்டரின் இடத்தை எட்டாமல் டஸ்டருக்கு முன்பே மறைந்தது. டொயோட்டாவின் முதல் அர்பன் க்ரூஸரும் இரண்டே ஆண்டுகளில் போய்விட்டது. அதன் மூலமான பிரெஸ்ஸா புதிய தலைமுறையோடு தொடர்ந்து ஓடுகிறது. இந்த வரலாற்றில் எனக்குத் தெரியும் போக்கு ஒன்றுதான்: விற்பனை தளரும்போது முதலில் கைவிடப்படுவது பெயர் மாற்றி விற்கப்பட்ட வண்டி. அதனால் அச்சப்படத் தேவையில்லை, ஏனெனில் மூலவண்டி ஓடும்வரை இன்ஜின், கியர், சஸ்பென்ஷன் பொருட்களுக்குப் பஞ்சம் வராது. ஆனால் கிரில், பம்பர், விளக்கு ஆகியவை அரிதாகும், மறுவிற்பனை விலையும் இறங்கும்.

மறுவிற்பனையைப் பற்றி அமெரிக்காவில் நல்ல சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் 1984 முதல் கூட்டாக நடத்திய ஆலையில், டொயோட்டா கொரோல்லாவும் அதன் இரட்டையான ஜியோ பிரிஸமும் ஒரே கைகளால் செய்யப்பட்டன. இருந்தும் பழைய கார்ச் சந்தையில் கொரோல்லா தன் மதிப்பைக் காத்தது, பிரிஸம் வேகமாக இழந்தது. இதைப் படித்துவிட்டு டொயோட்டா முத்திரை எங்கும் வெல்லும் என்று நினைக்கக் கூடாது. அங்கே கொரோல்லாவே மூலம், டொயோட்டாவே நம்பப்பட்ட பெயர். நம் ஊரில் சிறிய காருக்கு மாருதி என்ற பெயரும், பெரிய காருக்கு இன்னோவா என்ற பெயரும் அந்த இடத்தில் இருக்கின்றன. ஆகவே கிளான்சாவைவிடப் பலேனோவையும், இன்விக்டோவைவிட ஹைகிராஸையும் விற்பது எளிது என்பது என் கணிப்பு. இன்விக்டோ விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஹைகிராஸின் உச்ச வேரியன்டில் உள்ள ஓட்டுநர் உதவிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்விக்டோ வந்தபோது அதில் சேர்க்கப்படவில்லை. அவ்வளவு விலை கொடுப்பவர் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஹைகிராஸுக்கு நெடுநாள் காத்திருக்க முடியாதவர், இன்விக்டோ உடனே கிடைக்கிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

காத்திருப்புக் காலம் சில சமயம் மேலே சொன்ன எல்லாவற்றையும் புரட்டிப்போடும். 2023 செப்டம்பரில் சிஎன்ஜி ரூமியனுக்குத் தேவை மிகுந்து, டொயோட்டா அதற்கான முன்பதிவையே சில மாதம் நிறுத்தி வைத்தது. வண்டி மாருதியின் ஆலையில் உருவாகும்போது டொயோட்டாவுக்குக் கிடைப்பது ஒதுக்கப்பட்ட பங்கு மட்டுமே. திருமணம், பிரசவம், ஊர்மாற்றம் என்று நாள் குறித்து வண்டி தேவைப்படுபவர், டெலிவரித் தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எது முன்னே வருகிறதோ அதை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. வண்டி ஒன்றுதானே.

என் மைத்துனர் எர்டிகாவையே எடுத்தார். பட்டறை அவர் வீட்டுக்குப் பக்கம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கி.மீ.தான் ஓட்டம், அவர் கேட்ட வேரியன்ட் 10 லட்சத்துக்குக் கீழே நின்றது. மாதம் மூவாயிரம் கி.மீ. ஓட்டும் அவருடைய நண்பர் அதே வாரத்தில் ரூமியன் எடுத்தார், வாரன்டிக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவர் செய்ததும் சரியே. செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களுக்கோ கணக்கு முற்றிலும் மாறும். மதிப்பிழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டதால், நல்ல நிலையில் உள்ள அர்பன் க்ரூஸர் ஒன்று அதே ஆண்டு பிரெஸ்ஸாவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால், முன்விளக்குகளும் கிரில்லும் பம்பரும் விரிசலின்றி இருக்கின்றனவா என்று மட்டும் கூடுதலாகப் பார்த்து, நான் தயங்காமல் வாங்குவேன்.